பின்வாசல் தென்னையும் ஒரு அஞ்சல் கார்டும்

போன பொங்கலுக்கு நாகர்கோவில் போயிருந்தபோது ஆச்சியின் தகரப் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், பெட்டியை எங்காவது நகர்த்த வேண்டும், அதுவோ துருப்பிடித்துப் பூட்டிக் கிடக்கிறது. உடைத்துப் பார்த்தால் இரண்டு பட்டுச் சேலை, ஒரு சந்தன டப்பா, நூல் கட்டிய ஒரு சிறிய காகிதக் கட்டு. கட்டில் மேலாக இருந்தது ஒரு கார்டு. தாத்தா திருவனந்தபுரத்திலிருந்து ஆச்சிக்கு எழுதியது. தேதி "கொல்லம் 1120 ஐப்பசி" என்று இருந்தது. நம் கணக்கில் 1944-ம் வருடம், அக்டோபர் - நவம்பர்.

கார்டை நாக்பூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். வங்கியில் வேலை பார்ப்பவனுக்குக் கையெழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்ப்பது பழக்கமாகிவிட்ட விஷயம். பார்த்தால், மேலே இருந்தது ராஜா ஜார்ஜ் தலை இல்லை. சங்கு! இது இந்தியத் தபால் இல்லை, திருவிதாங்கூர் அஞ்சல்.

இன்று "அஞ்சல் துறை" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அஞ்சல் வேறு, தபால் வேறு. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

பிரிட்டிஷ் இந்தியாவில் தபால் சேவை எல்லோருக்கும் எட்டியது 1854-க்குப் பிறகுதான். அதற்கு முன் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம். கடிதம் வாங்குகிறவர் தலையில் அந்தச் செலவு விழுவதும் உண்டு. டல்ஹௌசி காலத்தில், 1854 அக்டோபர் 1 முதல், கால் தோலா எடைக்குள் இருந்தால் நாட்டின் எந்த மூலைக்கும் அரை அணா என்று ஆனது. 1879-ல் கால் அணாவுக்குப் போஸ்ட் கார்டு வந்தது. 1880-ல் மணியார்டர் தபால் நிலையத்தின் வேலையானது, 1882-ல் சேமிப்பு வங்கி. எங்கள் தொழிலுக்கு ஒருவகையில் தபால்காரர்தான் மூத்த அண்ணன். ஒரு வங்கிக் கிளைகூட இல்லாத ஊர்களில் பணத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தானே!

திருவிதாங்கூர் சமஸ்தானமோ தனக்கென்று ஓர் அஞ்சலை நடத்தியது. ஆரம்பத்தில் அரசாங்கக் காகிதங்களைக் கொண்டுபோகத்தான் அது இருந்தது. பிறகு பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். அஞ்சல் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் அஞ்சல் பிள்ளை. மணி கட்டிய கம்போடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் அஞ்சலோட்டக்காரர். மணிச் சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும். 1888-ல் சங்குப் படம் போட்ட தபால்தலைகளை வெளியிட்டார்கள். 1939-ல் வந்த தலைகளில் கன்னியாகுமரி முனையும் பேச்சிப்பாறை அணையும்கூட இடம்பிடித்தன. விலையெல்லாம் சக்கரம், காசு கணக்கில். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் வேண்டுமானால் இருபத்தெட்டரை சக்கரம் கொடுக்க வேண்டும். இந்த அரைச் சக்கரத்தைக் கணக்கில் கொண்டுவர அன்றைய குமாஸ்தாக்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதே தலை சுற்றுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அஞ்சல் தலை செல்லுபடியானது திருவிதாங்கூருக்குள்ளும் பக்கத்துக் கொச்சிக்கும்தான். எங்கள் ஆச்சியின் பிறந்த ஊர் வள்ளியூர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்தைவிட அது பக்கம். ஆனால் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வேறு அரசாங்கம். அம்மாவுக்கு எழுத வேண்டுமானால் ஆச்சி பிரிட்டிஷ் தபால் கார்டு வாங்க வேண்டும். வீட்டுக்காரருக்கு எழுதுவதென்றால் சங்கு போட்ட கார்டு. அந்தக் கட்டில் இரண்டு வகையுமே இருந்தன.

சரி, கார்டில் என்ன எழுதியிருந்தது? அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன்.

"இங்கு நான் சுகம். அங்கு நீயும் பயலும் சுகந்தானே. ரேஷன் அரிசி ஒழுங்காய்க் கிடைக்கிறதா. பயலுக்குக் கஞ்சி வைத்தது போக மிச்சத்தை நீ சாப்பிடு. மரச்சீனியை மட்டும் தின்று நாளைக் கழிக்க வேண்டாம். பின்வாசல் தென்னைக்கு மறக்காமல் தண்ணீர் விடவும். தைக்கு வருவேன்."

மரச்சீனி என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு மரவள்ளிக் கிழங்கு. திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பியிருந்த நாடு. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. அந்த நாட்களில் மரச்சீனிதான் ஏழைகளைக் காப்பாற்றியது. அந்த "பயல்" என் பெரிய மாமா. அப்போது இரண்டு வயது.

எல்லாம் புரிந்தது. தென்னைதான் இடித்தது. "நம்ம வீட்டுப் பின்வாசல்ல தென்னை எங்கேம்மா இருந்தது?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்துவிட்டாள். "தென்னையும் இல்லை, பனையும் இல்லை. ஆச்சிக்கு அப்போ எழுத்து கூட்டி வாசிக்கத் தெரியாது. அஞ்சல்காரர் திண்ணையில உக்காந்து சத்தமா வாசிப்பார். மாமியார், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு நிப்பாங்க. அதுல பெண்டாட்டிக்கு என்னத்த எழுத முடியும்? தென்னைன்னா ஆச்சிதான். உடம்பைப் பாத்துக்கோன்னு அர்த்தம். எங்கிட்ட இதைச் சொல்றதுக்கே அவ கிழவி ஆக வேண்டியிருந்தது."

அந்த அஞ்சல் 1951-ல் இந்தியத் தபாலோடு இணைந்தது. 1956-ல் எங்கள் மாவட்டமே தமிழ்நாட்டுக்கு வந்தது. 1972 ஆகஸ்ட் 15-ல் வேலங்கர் என்ற அதிகாரியின் திட்டப்படி பின்கோடு வந்தது. நாகர்கோவிலுக்கு 629, திருவனந்தபுரத்துக்கு 695. மாநிலம் பிரிந்தாலும் முதல் எண் மட்டும் இரண்டுக்கும் ஆறு! தந்தி 2013 ஜூலையில் நின்றது. எங்கள் வங்கி நோட்டீசுகளைச் சுமந்த பதிவுத் தபாலும் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. இதற்காக அழவேண்டியதில்லை. என் அம்மாவின் முகத்தைத் தினமும் போனில் பார்க்கிறேன். தாத்தாவுக்கு அது கிடைத்திருந்தால் கார்டே எழுதியிருக்கமாட்டார்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. அன்று மாலை என் பெண் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு. ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. "அப்பா, நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் சோபாவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது, எண்பது வருடம் கழித்து நான் அந்த அஞ்சல்காரர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. வேலை, மாற்றல், டியூஷன் என்று காரணம் ஆயிரம் சொல்லலாம். கற்றுக்கொடுக்காதது நான்தான்.

தென்னை விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்த வார்த்தை எது, காட்டுங்க" என்றாள். காட்டினேன். ஒரு பழைய டைரியில் அதைப் பார்த்து எழுதினாள். ன்னை கொஞ்சம் கோணல்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் கட்டிலிருந்து ஒரு கார்டு எடுக்கிறோம். மூன்று முடிந்திருக்கிறது, இன்னும் பதினொன்று பாக்கி.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கட்டு இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தேடிப் பாருங்கள். வாசித்துச் சொல்ல ஆள் இருக்கும்போதே.