பட்டாளத்து வாத்தியம் அம்மன் கோயில் மேடை ஏறிய கதை

பல்லாவரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கைக்கோடரியில்தான் தொடங்குவார்கள். 1863 மே மாதம் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு பள்ளத்திலிருந்து எடுத்த அந்தக் கல், இந்தியாவில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்ற கணக்கையே மாற்றியது. பெருமைதான். ஆனால் இந்த ஊரின் இன்னொரு சொத்தைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஊதுகிற வாத்தியங்களைச் சொல்கிறேன். கிளாரினெட், ட்ரம்பெட், சாக்ஸஃபோன், யூபோனியம். இவற்றை வாசிக்கிறவர்கள் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, மெல்லிசை மேடைகளில் ட்ரம்பெட் ஊதியே குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வாத்தியங்கள் இங்கே வந்தது பட்டாளத்தோடு. 1770-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படை பரங்கிமலையில் குடியேறியது. பக்கத்திலேயே பல்லாவரம் கன்டோன்மென்ட். இன்றும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கன்டோன்மென்ட் போர்டுதான். பட்டாளம் இருந்தால் பேண்டு இருக்கும். அணிவகுப்புக்கு, சர்ச்சுக்கு, அதிகாரிகள் விருந்துக்கு, சிப்பாய் செத்தால் சவ ஊர்வலத்துக்கு. அந்த பேண்டுகளில் ஊதியவர்கள் யார் என்பதற்குப் பின்னால் கசப்பான ஒரு சட்டம் இருக்கிறது. தாய் தகப்பன் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் கம்பெனிப் படையில் சேரக் கூடாது என்று 1795-இல் உத்தரவு போட்டார்கள். விலக்கு யாருக்கு? குழல் ஊதுகிறவன், முரசு அடிக்கிறவன், பேண்டில் வாசிக்கிறவன், குதிரைக்கு லாடம் கட்டுகிறவன். அவ்வளவுதான். இன்று ஆங்கிலோ இந்தியர் என்று நாம் சொல்கிற மக்களுக்கு வாத்தியம் கையில் வந்தது இப்படி. மற்ற கதவுகளைச் சாத்திவிட்டு அதை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இயல்பிலேயே சங்கீதம் வரும், ஆட்டம் வரும் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்த உத்தரவைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

அந்தப் பட்டாள வாசிப்பு நம் காதிலும் விழுந்தது. முத்துசுவாமி தீட்சிதர் இளவயதில் மணலியில் இருந்தபோது ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்கார பேண்டைக் கேட்டார். கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நாற்பது உருப்படிகள் வரை இருக்கும். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கேயே வயலின் கற்றார். அந்த வயலின் இல்லாமல் இன்று ஒரு கர்நாடகக் கச்சேரி உண்டா? தஞ்சாவூர்ப் பக்கம் மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைச் சதிராட்டத்துக்குள் கொண்டுவந்தார். பிறகு ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாகவே ஆக்கினார்.

கடல் கடந்து நியூ ஆர்லியன்ஸைப் பார்த்தால் இதே கதை. அங்கேயும் பட்டாள பேண்டு, அங்கேயும் ஒதுக்கப்பட்ட மக்கள், அங்கேயும் தெரு. 1817-இல் அந்த ஊர் நகராட்சி, அடிமைகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் கூடி ஆடலாம் என்று விதித்தது. அந்தத் திடல் காங்கோ சதுக்கம். பின்னால் கறுப்பின மக்களின் சங்கங்கள் பித்தளை வாத்தியக் குழுக்களை வைத்துக்கொண்டன. சவ ஊர்வலத்தில் போகும்போது மெதுவான தோத்திரப் பாட்டு, அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல். ஜாஸ் அந்தத் தெருவில் பிறந்தது. காசு கொடுத்து உள்ளே போய்க் கேட்கிற சங்கதியாக அது தொடங்கவில்லை. லூயி ஆம்ஸ்ட்ராங்கை 1913 தொடக்கத்தில், பதினொரு வயதில், கறுப்பினச் சிறுவர் இல்லத்தில் போட்டார்கள். அங்கே இருந்த பேண்டில்தான் அவர் கார்னெட் ஒழுங்காகக் கற்றார். எழும்பூரில் 1789-இல் ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்ற பட்டாள அநாதைப் பையன்கள் பள்ளியை நான் அப்போது நினைத்துக்கொள்வேன். தகப்பன் வெள்ளைக்காரச் சிப்பாய், தாய் இந்த ஊர்ப் பெண். அந்தப் பையன்கள் பட்டாளத்தில் சேர வேண்டுமென்றால் கையில் குழலோ முரசோ லாடமோ இருந்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சாவு பேண்டையும் கல்யாண பேண்டு செட்டையும் கேவலமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஊதிய அந்த ஆட்கள் பெரும்பாலும் ஊர்க் கடைசியில் இருந்த சேரிகளிலிருந்து வந்தவர்கள். நொட்டேஷன் தெரியாது, காதால் கேட்டு வாசிப்பார்கள். ஜாஸை உண்டாக்கியவர்களில் பலரும் அப்படித்தான் வாசித்தார்கள்.

நம் ஊரில் ஜாஸ் தெருவுக்கு வர ரொம்ப நாள் ஆனது. முதலில் அது ஹாலுக்குள் போனது. 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வாத்தியக்காரர்களின் வாழ்க்கை முழுக்க இந்த ஒரே லைன்தான். எழும்பூரில் இறங்கினால் மவுண்ட் ரோடு ஓட்டல்களும் கிளப்புகளும்; கோடம்பாக்கத்தில் இறங்கினால் சினிமா ரிகார்டிங்; வீடு பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம். ரயில்வே இன்ஸ்டிடியூட்டுகளில் சனிக்கிழமை டான்ஸ். பகலில் கார்டு, ஃபயர்மேன், ஃபிட்டர் வேலை. ராத்திரியில் அதே ஆள் கோட்டு போட்டுக்கொண்டு சாக்ஸஃபோன். தெருவில் இருந்த நாங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்று கேட்டோம்.

என் மாஸ்டர் அப்படிப்பட்ட ஒரு ரயில்வேக்காரர். நாங்கள் எல்லாரும் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேசியது இங்கிலீஷ் கலந்த பல்லாவரத்துத் தமிழ். ட்ரம்பெட்டை உடனே கையில் தரமாட்டார். முதலில் உதடு மட்டும். மூடிய உதட்டின் நடுவில் காற்றை விட்டு வண்டு மாதிரி ரீங்கரிக்க வேண்டும். அது வந்தபிறகு வாய்க்குழாய் மட்டும். கன்னம் உப்பினால் விரலால் குத்துவார். மூன்று வால்வையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, எந்த வால்வு எந்த ஓட்டையோ அதில்தான் திரும்பப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் காற்றே போகாது. "உன் கை வேகம் இருக்கட்டும்டா, மொதல்ல மூச்சு வரணும்" என்பார். 1958-இல் டேவ் ப்ரூபெக் குவார்ட்டெட் மெட்ராஸ் வந்ததும், 1963-இல் டியூக் எலிங்டன் தன் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு வந்ததும் அவருக்குத் திருவிழா. எலிங்டனை நேரில் கேட்டதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். அமெரிக்க அரசு செலவில் வந்த கச்சேரிகள் அவை. அந்த 1963 பயணத்தில் பிறந்த எண்ணங்கள்தான் பிறகு 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' என்ற தொகுப்பானது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அங்கிள் தலைமுறைக்கு வயிற்றுப்பாட்டைத் தந்தது கோடம்பாக்கம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி காலத்தில் கிளப் காட்சி இல்லாத படம் குறைவு. 1964-இல் வந்த 'புதிய பறவை'யைக் கேளுங்கள். அந்தப் பாட்டுகளின் நடுவில் வருகிற ஊதலும் ட்ரம்ஸும் பரங்கிமலை, வேப்பேரி, பெரம்பூர் வீடுகளில் பழகிய கைகள் இல்லாமல் வந்திருக்க முடியாது. ட்ரம்ஸில் நோயல் கிராண்ட், அக்கார்டியனில் மங்களமூர்த்தி. பிறகு இளையராஜாவிடம் கீபோர்டில் விஜி மானுவேல், கிடாரில் சதானந்தம், ட்ரம்ஸில் புருஷோத்தமன். ஃபிராங்க் டூபியர் ட்ரம்பெட் மட்டுமல்ல, கையில் எது கொடுத்தாலும் ஜாஸ் வாசிப்பார். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு அவர்தான் ஆசான். இந்தப் பெயர்களையாவது நாம் சொல்கிறோம். மற்றவர்கள் காலையில் கால்ஷீட்டுக்குப் போய், நொட்டேஷனைப் பார்த்து வாசித்து, வவுச்சரில் கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் மின்சார ரயிலில் வீடு திரும்பினார்கள். இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர் பெயர், பாடகர் பெயர், பாடலாசிரியர் பெயர். ஊதியவன் பெயருக்கு அங்கே இடமில்லை. தமிழ்நாடே முணுமுணுத்த ஒரு இடையிசையை வாசித்தவர், சொந்தத் தெருவில் "ரயில்வேக்காரர்" என்று மட்டும் அறியப்பட்டுச் செத்துப்போனார் என்பது எனக்கு ஆறாத வலி.

சுவருக்கு வெளியே அந்த வாத்தியத்தைக் கொண்டுவந்தது மெல்லிசைக் குழுக்கள். ஏ.வி. ரமணனின் மியூசியானோ, காமேஷ் – ராஜாமணி, பிறகு எத்தனையோ. அதற்கும் முன்னால் பாவலர் சகோதரர்கள் கட்சிக் கூட்டங்களில் திறந்த மேடையில் பாடியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆடி மாதம்தான் சீசன். கூழ் ஊற்றுவது, தீமிதி, சாமி ஊர்வலம், அப்புறம் கச்சேரி. குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர், சேலையூர், பெருங்களத்தூர் என்று அம்மன் கோயில் இல்லாத தெரு ஏது?

கேட்கிறவனுக்கு இலவசம். ஆனால் யாருடைய தயவும் இல்லை. ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய் வசூல் செய்வார்கள். இட்லிக்காரம்மாவும் கொடுப்பார், லெதர் கம்பெனியில் வேலை பார்க்கிறவரும் கொடுப்பார். அதனால் அது அவர்கள் கச்சேரி. "இந்தப் பாட்டைப் பாடு" என்று துண்டுச்சீட்டு எழுதி அனுப்ப எல்லாருக்கும் உரிமை உண்டு. காலி டிரம்களை நிற்க வைத்து, மேலே பலகை போட்ட மேடை. நாலு ட்யூப் லைட். பூச்சி வாய்க்குள் போகும். பாட்டை ஒரிஜினல் ஸ்கேலிலேயே வாசிக்க வேண்டும் என்று பாடகர் அடம் பிடிப்பார். ட்ரம்பெட் பி-ஃப்ளாட் வாத்தியம். பாட்டு 'ஈ'யில் இருந்தால் எனக்கு எஃப்-ஷார்ப், ஆறு ஷார்ப். நொட்டேஷன் பழகியவனுக்கே வியர்க்கும்.

ஒரு வருஷம் அனகாபுத்தூர்ப் பக்கம் ஓர் ஆடிக் கச்சேரி. பாடகர் வர வேண்டிய வேன் வழியில் நின்றுவிட்டது. கூட்டம் பொறுமை இழந்தது. ட்ரம்ஸ்காரர் ஒரு ஷஃபிள் பிடித்தார், பேஸ் கிடார் சேர்ந்தது, நான் அங்கிளிடம் படித்த பன்னிரண்டு பார் ப்ளூஸை ஊதத் தொடங்கினேன். எதுவும் எழுதி வைத்ததில்லை. ஒருவர் முடித்த இடத்தில் இன்னொருவர் எடுத்தோம். மேடைக்குப் பக்கத்தில் ஊர்வலம் முடித்துவிட்டு வந்த நாகஸ்வரக்காரர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கூப்பிட்டார்.

"தம்பி, இது சுத்த தன்யாசிதானே? நடுவுல பிரதி மத்யமம் ஒண்ணு வந்து உரசிட்டுப் போகுது. அது யாரு சொல்லிக் குடுத்தது?"

அவர் சொன்னது அச்சு அசல் உண்மை. ப்ளூஸ் ஸ்கேலில் அந்தக் கூடுதல் மத்யமத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். "எங்க வாத்தியத்துல ஸ்வரத்தை நிக்க விடமாட்டோம், நீங்களும் நிக்க விடல" என்று அவர் சொன்னதும், அங்கிள் ஸ்வரத்தை 'வளைக்க'ச் சொல்லி மண்டையில் தட்டியது ஞாபகம் வந்தது. ஜாஸைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதைவிடக் கூர்மையானது இல்லை. ஹாலுக்குள் இருந்திருந்தால் அந்த மனிதர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்.

பிறகு தேய்ந்தது. அங்கிள் குடும்பம்போலப் பல குடும்பங்கள் ஆஸ்திரேலியா போய்விட்டன. கீபோர்டில் 'பிராஸ்' என்று ஒரு பட்டன் வந்ததும் மூன்று ஊதுகிறவர்களுக்கான சம்பளம் மிச்சமானது. 2000-இல் ஒலி மாசு விதிகள் வந்தன. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நியாயமான விதிதான், நோயாளியும் படிக்கிற பிள்ளையும் தூங்க வேண்டாமா? ஆனால் சாமி ஊர்வலம் முடியவே பத்தாகிவிடும் என்பதால் ஆடிக் கச்சேரிகள் சுருங்கின. நானும் கல்யாண ரிசப்ஷன்களுக்குள் ஒடுங்கினேன்.

நகரத்துக்குள் திறந்த மேடை மீண்டும் வந்தது. 2007-இல் சென்னை சங்கமம் பூங்காக்களில் பறையையும் கரகத்தையும் கொண்டுவந்தது. 2023-இல் அது திரும்பவும் தொடங்கியது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவில் கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே விழாவில் ஒலித்தன. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு, கானாவையும் ராப்பையும் ட்ரம்ஸ் கிடாரோடு சேர்த்துப் பாடியது. தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது; பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் அதற்குள்தான். பூங்காக்கள் இருக்கின்றன, நடைப்பயிற்சிக்குத் தளம் போட்டிருக்கிறார்கள். ஊதுகிறவனும் நிற்க ஒரு மேடை வேண்டும் என்று கேட்கிறேன்.

அது வரும்வரை நாங்கள் சும்மா இல்லை. பழைய ட்ரூப் ஆட்கள் சிலரும், சர்ச் பேண்டில் ட்ரம்போன் வாசிக்கிற ஒரு கல்லூரிப் பையனும், கல்யாண பேண்டு செட்டில் யூபோனியம் ஊதுகிற ஒருவரும் சேர்ந்திருக்கிறோம். யூபோனியக்காரருக்கு நொட்டேஷன் தெரியாது. ஆனால் ஒரு தடவை கேட்டால் போதும். கோயில் கமிட்டிக்காரர்களிடம் பேசி, ஆடியில் ஊர்வலத்துக்கு முன்னாலேயே எங்களுக்கு நேரம் வாங்கிவிட்டோம். ஆறரைக்குத் தொடக்கம், எட்டரைக்கு முடிவு, ஒரே ஒரு ஸ்பீக்கர். முதல் உருப்படி சங்கராபரணத்தில் ஒரு நோட்டுஸ்வரம், அடுத்தது ப்ளூஸ், அதன்பின் துண்டுச்சீட்டு வாங்குவோம். ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் வாசிக்கிறவர்கள் பெயரை ஒருத்தர் விடாமல் மைக்கில் சொல்வது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.