தேவி பிரசாத் ராய் சௌத்ரி

தேவி பிரசாத் ராய் சௌத்ரி (15 சூன் 1899 – 15 அக்டோபர் 1975) இந்திய ஓவியரும் சிற்பியும் கலை ஆசிரியரும் ஆவார். இன்றைய வங்காளதேசத்திலுள்ள ரங்கப்பூர் மாவட்டத்தின் தாஜ்ஹாட்டில் பிறந்த இவர், அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார்.

1929ஆம் ஆண்டில் சென்னை அரசு கலைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். 1850இல் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் இவரே. அதுவரை கைத்தொழில் பயிற்சிக்கே முதன்மை தந்த அங்கு, ஓவியமும் சிற்பமும் இவர் காலத்தில் முன்னிலை பெற்றன. இவருடைய மாணவர்களான கே. சி. எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் பின்னாளில் அதே நிறுவனத்தின் முதல்வர்களாயினர். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்.

ஆங்கிலேயர் காலச் சென்னையின் பொதுவிடங்களில் பெரும்பாலும் ஆட்சியாளர்களுக்கே சிலைகள் எழுந்தன. குதிரைமீது அமர்ந்த தாமசு மன்றோ சிலை அதற்குச் சான்று. ராய் சௌத்ரியோ பாறையைப் பெயர்க்கப் போராடும், பெயர் குறிப்பிடப்படாத நான்கு தொழிலாளரை வெண்கலத்தில் வடித்தார். அந்த உழைப்பாளர் சிலை 1959இல் மெரினாவில் திறக்கப்பட்டது. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். மெரினா காந்தி சிலையும் பட்னா தியாகிகள் நினைவுச்சின்னமும் இவர் படைப்புகளே.

லலித் கலா அகாதமியின் முதல் தலைவராக இருந்த இவருக்கு 1958இல் பத்ம பூசண் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இவர் பெயரை அறியாதோரும் உழைப்பாளர் சிலையை அறிவர்.