சோதனை அறையும் குழந்தையும்: பினே அளவுகோல் முதல் லாரி பி. வழக்கு வரை

ஆய்வுச்சுருக்கம்

நுண்ணறிவுச் சோதனைகளின் வரலாறு பெரும்பாலும் மதிப்பெண்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சோதனை எவ்வாறு நடத்தப்பட்டது, குழந்தையின் எதிரில் அமர்ந்தவர் யார், விடைகள் எவ்வாறு ஏற்கப்பட்டன ஆகிய வினாக்கள் பின்தள்ளப்பட்டன. 1905ஆம் ஆண்டுப் பாரிஸ் அளவுகோலையும் 1970களின் கலிபோர்னிய வழக்கையும் ஒப்பிட்டு, சோதனை நடத்தும் முறையும் அளவீட்டின் ஒரு பகுதியே என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நுண்ணறிவு ஈவு, மன வயது, ஆல்பிரட் பினே, தரப்படுத்தல், லாரி பி. வழக்கு.

முன்னுரை

பிரான்சில் 1881–82ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. அதுவரை பள்ளிக்கு வெளியே இருந்த குழந்தைகளும் வகுப்பறைக்குள் வந்தனர். வழக்கமான பாடத்தைப் பின்தொடர இயலாதோரை என் செய்வது என்னும் சிக்கல் அதன்பின் எழுந்தது. 1904இல் பொதுக்கல்வி அமைச்சகம் இதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. முறையான ஆய்வுக்கு உட்படுத்தாமல் எக்குழந்தையையும் சிறப்பு வகுப்புக்கு அனுப்பக்கூடாது என அக்குழு முடிவு செய்தது. அதன் உறுப்பினரான ஆல்பிரட் பினே, தியோடர் சிமோனுடன் இணைந்து 1905இல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். ஆசிரியரின் மனப்போக்கிற்கேற்ப ஒரு குழந்தை ஒதுக்கப்படுவதைத் தடுப்பதே அதன் தொடக்க நோக்கமாகும்.

பினேயின் சோதனை அறை

முப்பது சோதனைகளும் கடினத்தின் ஏறுவரிசையில் அமைந்தன. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்தல் முதலாவது. அருவச் சொற்களுக்கிடையிலான வேறுபாட்டை விளக்குதல் இறுதியானது. சோதனை நடத்துவதற்கான நெறிகளையும் பினேயும் சிமோனும் வகுத்தனர். அமைதியான தனி அறையில், பிற குழந்தைகள் இன்றிச் சோதனை நடைபெற வேண்டும். குழந்தை அச்சமின்றி இருக்க அதற்குத் தெரிந்த ஒருவர் உடனிருக்கலாம். ஆயின் அவர் வாய்திறவாது இருத்தல் வேண்டும். சோதனையாளர் அன்புடன் ஊக்குவிக்கலாம், விடைக்கு வழிகாட்டலாகாது.

அச்சமும் அறிமுகமின்மையும் குழந்தையின் விடையைப் பாதிக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தமையை இந்நெறிகள் காட்டுகின்றன. மேலும், குழந்தையின் அன்றைய நிலையை அறிவதே தங்கள் நோக்கம், அதன் எதிர்காலத்தைக் கணிப்பதன்று என்றும் அவர்கள் வரையறுத்தனர். 1908ஆம் ஆண்டுத் திருத்தம் சோதனைகளை வயதுவாரியாகத் தொகுத்தது. நுண்ணறிவு மாறாத அளவுடையது என்னும் கருத்தை 1909இல் வெளியிட்ட நூலில் பினே மறுத்தார்; பயிற்சியால் அது வளரும் என்று வாதிட்டார். 1911இல் அவர் மறைந்தார்.

அளவுகோலின் இடப்பெயர்ச்சி

அமெரிக்காவில் இவ்வளவுகோலை ஹென்றி கோடார்டு மொழிபெயர்த்துப் பரப்பினார். மன வயதைக் கால வயதால் வகுக்கும் முறையை ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் 1912இல் முன்மொழிந்தார். அவ்வீவினை 100ஆல் பெருக்கி, லூயிஸ் டெர்மன் 1916இல் ஸ்டான்போர்டு திருத்தத்தில் பயன்படுத்தினார். ஒரு குழந்தையுடன் நிகழ்ந்த நீண்ட உரையாடல் இவ்வாறு ஒற்றை எண்ணாகச் சுருங்கியது.

முதல் உலகப் போரில் சுமார் 17 இலட்சம் அமெரிக்கப் படைவீரர்களுக்கு நடத்தப்பட்ட குழுச்சோதனைகள் இப்போக்கை விரைவுபடுத்தின. 1920இல் பள்ளி மாணவர்க்கான குழுச்சோதனைகளும் வெளிவந்தன. ஒருவரை ஒருவர் நோக்கிய தனி அறையின் இடத்தில் அச்சிட்ட தாளும் பென்சிலும் கடிகாரமும் அமைந்தன. இச்சோதனைகளைக் குழந்தையின் திறன் பற்றிய இறுதித் தீர்ப்பாகக் கொள்ளும் ஆபத்தை இதழாளர் வால்டர் லிப்மன் 1922இல் சுட்டிக்காட்டினார். டெர்மன் அதற்கு எள்ளலுடன் மறுமொழி தந்தார்.

தென்னிந்தியாவும் இவ்வலைக்கு விலக்கன்று. மரப்பலகையின் குழிகளில் உரிய வடிவங்களைப் பொருத்தும் கோடார்டு பலகையைக் கொண்டு, பிராமணக் குழந்தைகளையும் பஞ்சமக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட டி. எஸ். ஹெரிக்கின் கட்டுரை 1921இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. தனிக்குழந்தைக்கு உதவ உருவான கருவி வகை, பிறப்புவழிப் பிரிவுகளை ஒப்பிடும் கருவியாகவும் மாறியதற்கு இது சான்றாகும்.

லாரி பி. வழக்கு

சான்பிரான்சிஸ்கோவின் ஆறு கறுப்பினக் குழந்தைகள் சார்பில் 1971இல் ஒரு வழக்கு தொடரப்பட்டது. நுண்ணறிவு ஈவு 75க்கும் கீழ் என்னும் கணிப்பின் பேரில் அவர்கள் மனவளர்ச்சி குன்றியோர்க்கான வகுப்புகளில் சேர்க்கப்பட்டிருந்தனர். அந்நகரப் பள்ளி மாணவருள் கறுப்பினத்தவர் 28.5 விழுக்காட்டினர், அச்சிறப்பு வகுப்புகளிலோ 66 விழுக்காட்டினர்.

கறுப்பின உளவியலாளர்கள் இக்குழந்தைகளை மறுசோதனை செய்தனர். முதலில் இணக்கத்தை ஏற்படுத்தினர். வினாக்களைக் குழந்தைகளின் பண்பாட்டுச் சூழலுக்கு ஏற்ப மாற்றிச் சொன்னர். விடைக்குறிப்பில் இல்லாதனவாயினும் அறிவார்ந்த அணுகுமுறையைக் காட்டிய விடைகளை ஏற்றனர். அனைவரும் 75க்கு மேல் பெற்றனர். நீதிபதி ராபர்ட் பெக்கம் 1972இல் இடைக்காலத் தடை விதித்தார். 1979இல் வழங்கிய தீர்ப்பில், கறுப்பினக் குழந்தைகளை இவ்வகுப்புகளில் சேர்ப்பதற்கு இச்சோதனைகளைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தார்.

இத்தீர்ப்பு ஒருமனதாக ஏற்கப்படவில்லை. 1980இல் சிகாகோவில் இதே வகை வழக்கை விசாரித்த நீதிபதி ஜான் கிரேடி, ஒரு சில வினாக்களே சார்புடையன எனக் கண்டு மாறான முடிவுக்கு வந்தார். அவர் வினாக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கலிபோர்னிய மறுசோதனையோ வினா கேட்கப்பட்ட சூழலையும் கணக்கில் கொண்டது. தரப்படுத்திய நடைமுறையிலிருந்து விலகிய மறுசோதனையின் மதிப்பெண்ணை முந்தையதோடு நேராக ஒப்பிட இயலாது என்னும் மறுப்பும் வலுவானதே. ஆயினும் அம்மறுப்பே, நடத்தும் முறை மாறின் மதிப்பெண்ணும் மாறக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறது.

முடிவுரை

ஆசிரியரின் தன்விருப்பத்திலிருந்து குழந்தையைக் காக்க உருவான கருவி, எழுபது ஆண்டுகளுக்குள் குழந்தையைக் காக்க நீதிமன்றம் தடுக்கவேண்டிய கருவியாயிற்று. வினாக்களின் குறை மட்டும் இதற்குக் காரணமன்று. குழந்தையின் அச்சம், மொழி, சோதனையாளருடனான உறவு ஆகியவற்றிற்குப் பினேயின் நெறிகள் அளித்த இடம், அளவுகோல் விரைவும் பரப்பும் பெற்றபோது சுருங்கியது. ஆகவே, ஒரு மதிப்பெண்ணை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அது எவ்வறையில், எம்மொழியில், எவரால் பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே வாசித்தல் இன்றியமையாததாகும்.