வெள்ளரிசி மோகமும் பெரிபெரி நோயும்

ஈப்போ நகரத்து அரிசிக் கடையில் நம்மவர் பலர் வெண்மையானதையே உயர்ந்ததென்று தெரிந்தெடுக்கின்றனர். தோட்டத்துக் கிராணியாகிய நாமும், ஆங்கிலப் பள்ளியில் படித்த செருக்கால், புழுங்கற்சோற்றை இழிவாக எண்ணியதுண்டு. இம்மோகம் இந்நாட்டில் கொண்ட உயிர்ப்பலியை வாசகர்கள் அறிதல் நலம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெருவாரியாகப் பெரிபெரியால் மடிந்தனர். கால் மரத்து வீங்கும், நடை தளரும், முடிவில் இருதயம் ஓயும். அவர்களைப் போலவே வறுமையில் உழன்ற தோட்டத் தமிழரையோ இந்நோய் அரிதாகவே தீண்டிற்று. காரணம் யாது? நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் இருசாராரின் சோற்றையும் நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்னும் வைத்தியர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் ஓராண்டு அளித்தார். முன்னவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். பின்னவருள் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. தட்டைத் தள்ளிவைக்கும் உரிமையற்றோரின் உயிரே நமக்குப் பாடமாயிற்று என்பதை மறத்தல் தகாது.

பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், தீட்டுகையில் உதிரும் தவிட்டிலேயே காப்புப் பொருள் உளதெனக் காட்டினர். அதுவே வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் அது அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. நம் முன்னோர் இதனை அறிந்தே செய்தனரென்று பெருமை பேசவேண்டுவதில்லை. வழக்கத்தால் வாய்த்த நன்மைக்கு ஆராய்ச்சியே காரணம் காட்டிற்று.

1910இல் மணிலாவில் கூடிய வைத்தியர் மாநாடு, தீட்டிய அரிசியை இடையறாது உண்பதற்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டென்று முடிவுசெய்து, அதனை அரசாங்கங்களுக்கு அறிவிக்கக் கோரிற்று. சிறையிலும் மருத்துவமனையிலும் அரிசியை மாற்றுதல் எளிது, கடைத்தெருவில் எளிதன்று. அழுகிய மீனையும் கலப்படப் பாலையும் சுகாதார அதிகாரி பறித்துக் கொட்டலாம். தூயதாய்த் தோன்றி, வாங்குவோரும் விரும்பும் அரிசியை எங்ஙனம் பறிப்பார்?

இன்று பலவகை உணவு கிடைப்பதால் பெரிபெரி அருகிவிட்டது. ஆயினும், அரிசியிலாகட்டும் மனிதரிலாகட்டும், வெளுத்ததே உயர்ந்ததென்னும் எண்ணம் அருகவில்லை. அதனைப் பறிமுதல் செய்ய எந்த அதிகாரியாலும் இயலாது. நாமேதான் ஒழித்தல் வேண்டும்.