மன்னார்க் கடலும் படக்கலையும்

நீரைப் படமாக எழுதுவது எளிதன்று. மலைக்கு வடிவம் உண்டு. மரத்துக்கு நிறம் உண்டு. நீருக்கோ தனக்கென்று இரண்டும் இல்லை. வானத்தின் நிறத்தையும் காற்றின் அசைவையும் கடன் வாங்கியே அது கண்ணுக்குப் புலனாகிறது. ஓவியருக்கு இருந்த இந்த இடர் புகைப்படக் கலைஞருக்கும் இருந்தது. தொடக்க காலத்தில் தகட்டில் ஒளி பதியச் சில நொடிகள் வேண்டியிருந்தன. அதற்குள் அலை புரண்டு, படத்தில் வெறும் மூடுபனியாய் நின்றது. 1856 ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு தகடும் வானுக்கு ஒரு தகடுமாக எடுத்து, இரண்டையும் இணைத்து ஒரே படமாக்கினார். ஓவியத்தையும் புகைப்படத்தையும் ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்து மாட்டி வைத்தால், ஒன்று கண்டதும் மற்றொன்று காணாது விட்டதும் விளங்கும். அந்த நோக்கோடு மன்னார்க் கடலைக் கருதுவது பயனுடையது.

மன்னாரின் நீரை மேனாட்டார் படமாக்கியது அழகு கருதி மட்டுமன்று; அதனடியில் முத்து விளைந்தது. போர்த்துக்கேயர் 1560 இல் மன்னார்த் தீவில் கோட்டை கட்டினர். 1658 இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்த மதகுருவான பால்தேயு 1672 இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட பெருநூலின் செப்புத்தகட்டுப் படங்களில் மன்னாரும் இடம்பெற்றது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். கொழும்புப் படையினரின் குருவாயிருந்த ஜேம்ஸ் கோடினர், அரிப்புக் கரையில் நடந்த முத்துக்குளிப்பை 1807 இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் விரித்துரைத்தார். அந்நூலில் இருபத்தைந்து செதுக்குப் படங்கள் உள்ளன. உடைமையின் அளவை அறிவதும், அதைத் தாய்நாட்டாருக்குக் காட்டுவதும் இத்தகைய நூல்களின் நோக்கங்களுள் முதன்மையானவை.

அரிப்பில் ஒரு கட்டடம் இருக்கிறது. முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கண்காணிக்கும் காலத்தில் தங்குவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலோரத்தில் அதை எழுப்பினார். கிரேக்கத் தூண்களின் பாணியால் ஆங்கிலேயர் அதனை டொரிக் மாளிகை என்றனர். ஊர் மக்களோ அல்லிராணி கோட்டை என்கின்றனர். நாட்டார் கதைகளில் ஆடவரை வென்று அரசாண்ட அல்லியையே அவர்கள் அந்தச் சுவர்களுக்கு உரியவளாகக் கொண்டனர். தேசாதிபதி கட்டிய மாளிகையில் மக்கள் தங்கள் அரசியைக் குடியேற்றினர். இதுவும் ஒரு படமே. தூரிகை இன்றி நாவினால் எழுதப்பட்டது. கடலைக் கண்காணிக்கக் கட்டிய அவ்வீட்டின் அடிநிலத்தை இன்று அதே கடல் அரித்து வருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலையையும் அசைவின்றிப் பிடிக்கவல்ல விரைவுத் தகடுகள் வந்தன. 1905 இல் மரிச்சுக்கட்டிக் கரையில் பெருஞ் சலாபம் கூடிற்று. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. ஓலைக் கொட்டில்களால் ஆன ஒரு நகரமே மணலில் எழுந்தது. கொழும்புப் படப்பிடிப்பு நிலையங்கள் இக்காட்சிகளை அஞ்சலட்டைகளாக விற்றன. தோணிகளின் வரிசை, கரையில் திரண்ட கூட்டம், கொட்டு எனப்பட்ட அடைப்புக்குள் சிப்பிகளை எண்ணும் காட்சி ஆகியன அவற்றில் தெளிவாக உள்ளன. சிப்பிகளை மூன்று குவியலாக்கி, இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும். எஞ்சிய ஒன்றே குளிப்பவர் பங்கு. அடுத்த ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனாட் வூல்ப், பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் அந்த நாட்களை நினைவுகூர்ந்தார்.

இத்தனை படங்களிலும் இல்லாத ஒன்று உண்டு. அது நீரினுள் நிகழ்வது. கல்லில் கால் வைத்து, கயிற்றைப் பற்றி, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழ்ந்து, ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைக்கூடையில் இட்டுக்கொண்டு மேலே வருவதே முத்துக்குளிப்பு. தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும், அரபு நாட்டாரும் இத்தொழிலில் இறங்கினர். சுறாவுக்கு அஞ்சிய அவர்கள், மந்திரத்தால் கடலைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ கரையில் இராமல் நீரில் இறங்க மாட்டார்கள். நீருக்கடியில் படமெடுக்கும் வழி அறியப்படாததன்று. லூயி பூத்தான் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1893 இலேயே அதைச் செய்து காட்டினார். ஆயினும் மன்னாரின் புகழ்பெற்ற படங்கள் நீர்ப்பரப்பின் மேலேயே நின்றுவிட்டன. எண்ணப்பட்டது சிப்பி, எண்ணப்படாதது மூச்சு. படத்தின் அடியில் தோணிக்கும் கரைக்கும் பெயர் எழுதினர். குளித்தவன் பெயரை எழுதியவர் அரியர்.

கணக்கு மட்டும் கடலைக் காக்கவில்லை. லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902 இல் வந்து சிப்பிப் பார்களை ஆராய்ந்தார். அவர் அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. 1906 இல் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விடப்பட்டன. சில ஆண்டுகளில் சிப்பி அருகிற்று, கம்பெனியும் நட்டமுற்றது.

மன்னாரில் மற்றொரு நீரும் உண்டு. அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குக் கொண்டுவரும் பழைய நீர்ப்பாசனம் அது. பாழடைந்திருந்த இக்குளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தப்பட்டது. அதன் நீர் நெல்லாகிறது. முத்துக்குக் கிடைத்த அஞ்சலட்டைப் புகழ் நெல்லுக்குக் கிடைக்கவில்லை. உலகம் விலை கொடுத்து வாங்கியதே பெரிதும் படமானது.

இந்நிலை மாற இலங்கைக் கலைஞர் தோன்ற வேண்டியிருந்தது. 1943 இல் கொழும்பில் உருவான நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் குழுவில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ற்றும் ஓவியர் பலரும் ஒன்று கூடினர். ஓவியமும் ஒளிப்படமும் இந்நாட்டில் ஒரே நோக்கின்கீழ் வந்த காலம் அது. அக்குழுவின் ஐவன் பீரிஸ் பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்தபோதும், பிறந்த மண்ணின் கடற்கரையையே மீண்டும் மீண்டும் தீட்டினார். அவர் படங்களில் கடல் வருவாய்க் கணக்கன்று. பிரிந்தவன் நெஞ்சில் தங்கிய நினைவு.

இன்று மன்னாரில் படக்கருவிகள் வங்காலைச் சதுப்பில் பூநாரைகளை நாடிச் செல்கின்றன. 2010 இல் உலகத் தரமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடம் அது. அப்படங்களை ஒருநாள் பழைய ஓவியங்களோடு ஒரு மண்டபத்தில் மாட்டுவோர், கோடினரின் செதுக்குப் படத்துக்கும் சலாபத்து அஞ்சலட்டைக்கும் அருகே, கட்டுக்கரைக் குளத்தில் நீருக்காகக் காத்து நிற்கும் உழவனுக்கும் ஓரிடம் ஒதுக்குவாராக. அவற்றின் நடுவே ஒரு சட்டத்தை வெறுமையாக விட்டால் அதுவும் பொருந்தும். பெயர் எழுதப்படாத முத்துக்குளிப்பவனின் ஒரு நிமிட மூச்சுக்கு உரிய இடம் அது.