கிணறு வெட்டக் கிடைத்த திருமேனிகள்

1950 ஜூலையில் திருகோணமலை நகரசபை கிணறு ஒன்றை வெட்டியது. கோணேசர் கோயிலிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 500 யார் தூரம். மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் பார்வதியும் செப்புத் திருமேனிகளாக வெளிப்பட்டனர். பின்னர் பிள்ளையாரும் கிடைத்தார்.

1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா சுவாமிமலை மீதிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார். கோயிலைக் காக்க முடியாதவர்கள் தெய்வங்களைக் காத்தார்கள். சில திருமேனிகளை மண்ணுக்குள் ஒளித்தார்கள். வேறு சிலவற்றைக் காட்டுவழியே கொண்டுபோய் மறைத்தார்கள் என்றும், தம்பலகாமத்து வயல்வெளியில் எழுந்த ஆதிகோணநாயகர் கோயில் அந்த வழிபாட்டின் தொடர்ச்சி என்றும் ஊர் மரபு சொல்கிறது.

இப்படிப் புதைப்பது அச்சத்தில் செய்த அவசர வேலை மட்டுமல்ல; அதற்கு முறை உண்டு. வைகானச ஆகம நூலான விமானார்ச்சனகல்பம், ஆபத்துக் காலத்தில் மறைவான இடத்தில் குழி வெட்டி, மணல் பரப்பி, ஆபத்து நீங்கும்வரை பள்ளிகொள்ளுமாறு இறைவனை வேண்டி மூர்த்தியைக் கிடத்தும் விதியைக் கூறுகிறது. தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயில் வளாகத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஐம்பொன் திருமேனிகளும் தேவாரம் பொறித்த செப்பேடுகளும் கிடைத்தன. கோணமலையைப் பாடிய சம்பந்தர் பிறந்த ஊர் அது.

யூத மரபில் இதற்கு நெருங்கிய வழக்கம் ‘கெனிசா’. இறைவன் பெயர் எழுதிய எதையும் அவர்கள் அழிப்பதில்லை. கிழிந்த தோராச் சுருள், தொழுகையில் கட்டும் தெஃபிலின், வீட்டு நிலைக்காலில் தலைமுறைகள் தொட்டு வணங்கிய மெசூசாச் சுருள் எல்லாம் தனி அறையில் சேர்க்கப்பட்டு, பிறகு மண்ணில் அடக்கம் செய்யப்படும். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அந்த அடக்கம் நிகழாமலே ஏடுகள் நூற்றாண்டுக்கணக்கில் குவிந்தன. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றவை மட்டும் 1,90,000 துண்டுகளுக்கு மேல். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் அவற்றில் உண்டு.

இந்த இரு வழக்கங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கெனிசாவில் சேர்வது பெரும்பாலும் பயன்பாடு முடிந்த பொருள். அதற்கு அங்கே மரியாதையான ஓய்வு. கோணேசர் திருமேனிகளோ திரும்பி எழுவதற்காக மண்ணுக்குள் வைக்கப்பட்டவை.

கடலும் காத்தது. 1956இல் முக்குளிப்பாளர் மைக் வில்சன் சுவாமிமலை அடிவாரத்துக் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களுக்கிடையே லிங்கமொன்றைக் கண்டெடுத்தார். அவருடன் முக்குளித்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1957இல் வெளியான தம் நூலில் அக்கடலடிச் சிதைவுகளை விவரித்தார். கிணற்றில் கிடைத்த மூர்த்திகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு, புதுப்பித்த கோயிலில் 1963இல் மீண்டும் எழுந்தருளின.

கற்கள் மட்டும் திரும்பவில்லை. அவற்றால் எழுந்து இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் கோட்டையின் வாயில் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் இன்னும் தெரிகிறது. அருகே, மன்னன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பர் என்னும் தமிழ்க் கல்வெட்டு. மண்ணிலிருந்து மீண்ட மூர்த்திகளைத் தரிசிக்கப் போகிறவர்கள் இன்றும் அந்த வாயிலைக் கடந்துதான் மலையேறுகிறார்கள்.