புயப் பின்னல்

பின்னல் என்றதும் சடைதான் நினைவுக்கு வரும். கைக்குப் போகும் நரம்புத் தொகுதிக்கு மருத்துவ நூல்களில் பிரேக்கியல் பிளெக்சஸ் என்று பெயர். லத்தீனில் பிரேக்கியம் என்றால் கை. பிளெக்சஸ் என்றால் பின்னப்பட்டது. அதனால் 'புயப் பின்னல்' என்ற தமிழ்ச்சொல் அச்சாகப் பொருந்துகிறது. புயம், வடமொழி 'புஜ'த்தின் தமிழ் வடிவம்.

பெண்கள் சொல்லும் ஐந்து கால் பின்னலேதான் இதுவும். கழுத்தின் 5 முதல் 8 வரையான நரம்புகளும் மார்பின் முதல் நரம்பும் கூடிப் பிரிந்து, மறுபடி கூடி, காறை எலும்புக்கு அடியில் நுழைந்து அக்குளுக்கு இறங்குகின்றன. தோள் அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் கழுத்தோரம் ஊசி போட்டு மரக்கச் செய்வது இந்தப் பின்னலைத்தான்.

சிக்கல் 'நரம்பு' என்ற சொல்லில் இருக்கிறது. யாழின் தந்திக்கும் அதுதான் பெயர். இன்றும் ரத்தக் குழாய், தசைநாண் எல்லாம் நம் பேச்சில் நரம்புதான். சுண்டுவிரல் மரத்தால் கோளாறு முழங்கையிலும் இருக்கலாம், கழுத்திலும் இருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் "நரம்பு இழுக்குது" என்பதோடு நிறுத்தாமல், எந்த விரல் மரக்கிறது என்றும் சொல்லுங்கள்.